சூடை மீனின் குடலில் நீல நூல்: பிளாஸ்டிக்கும் தீனியும் மீனை என்ன செய்கின்றன?

கொட்டாஞ்சேனையில் இருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். சூடை வாங்கி வந்து துப்புரவு செய்தபோது ஒரு மீனின் குடலுக்குள் நீல நிறத்தில் மெல்லிய நூல் மாதிரி ஒன்று கிடந்ததாம். அது பிளாஸ்டிக்கா, அந்த மீன் நோயாளி மீனா என்பது அவருடைய கேள்வி. ஏ.எல். உயிரியல் படிக்கும் மகள் கேட்பது வேறு: எல்லா மீனையும் பிளாஸ்டிக் ஒரே மாதிரிப் பாதிக்குமா, அல்லது மீன் தின்னும் சாப்பாட்டைப் பொறுத்து மாறுமா? கடைசியாக, வீட்டுத் தொட்டியில் இருக்கும் கப்பி மீன்களுக்கும் பயம் உண்டா என்றும் கேட்கிறார்கள்.

மகள் கேட்டதுதான் அடிப்படைக் கேள்வி. அதில் இருந்தே தொடங்குகிறேன்.

நான் நீண்ட காலம் அலங்கார மீன் பண்ணைகளில் தீனி வேலை பார்த்தேன். மீன் சோர்கிறது, மெலிகிறது என்று யார் வந்து சொன்னாலும் "என்ன போடுகிறீர்கள், நாளைக்கு எத்தனை தரம் போடுகிறீர்கள்" என்றுதான் முதலில் கேட்பேன். பிளாஸ்டிக்கையும் அதே கண்ணால்தான் பார்க்கிறேன். மீனுக்குள் பிளாஸ்டிக் நுழைவது பெரும்பாலும் தீனியோடு. நுழைந்தபின் அது முதலில் கெடுப்பதும் தீனியைத்தான். அந்தக் கெடுதலை மீன் தாங்குமா என்பதும் அது இதுவரை எப்படித் தின்று வளர்ந்தது என்பதில் நிறையத் தங்கியிருக்கிறது. தீனியைப் பேசாமல் பிளாஸ்டிக்கை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் தெரியும்.

5 மில்லிமீற்றருக்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். 2004 இல் ரிச்சர்ட் தொம்சன் என்ற பிரித்தானியக் கடல் உயிரியலாளரும் அவருடைய குழுவும் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் பரவியது. கொழும்பில் இது எங்கிருந்து வருகிறது என்று தேடி அலையத் தேவையில்லை. பொலியெஸ்டர் துணியைத் துவைக்கும் தண்ணீரில் நார் போகிறது. முகத்துவாரத்துத் துறைமுகத்தில் வலையும் கயிறும் உரசி உரசி இழை விடுகின்றன. காலி வீதியில் ஓடும் வாகனங்களின் டயர் தேய்ந்த தூள் மழையோடு ஓடைக்குப் போகிறது. ரெஜிஃபோம் பெட்டி, சொப்பிங் பை எல்லாம் வெயிலில் நொறுங்குகின்றன. வைகாசி மாதத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டியதும் களனி கங்கையும் வெள்ளவத்தைக் கால்வாயும் இதையெல்லாம் ஒரேயடியாகக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. மழைக்கு அடுத்த நாள் காக்கைதீவுக் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2021 மே மாதம் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் 2 ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. இவ்வளவு மணி ஒரே விபத்தில் கடலில் கொட்டியது உலகத்திலேயே அதற்கு முன் பதிவாகவில்லை. அந்த நாட்களில் பமுணுகமப் பக்கம் போய் நின்றேன். கரை முழுக்க மூட்டை மூட்டையாகச் சவ்வரிசி கொட்டியது போல இருந்தது. வாயில் மணி நிறைந்து செத்துக் கிடந்த மீனின் படம் உலகம் முழுக்கப் போனது. அந்தப் படம் மனதில் பதிந்ததாலோ என்னவோ, பிளாஸ்டிக் என்றால் தொண்டையை அடைத்துக் கொல்லும் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கும். ஆனால் நம் கடலில் நாள்தோறும் நடப்பது அதைவிட மெதுவானது, கண்ணுக்குத் தெரியாதது.

இப்போது சூடைக்கு வருவோம். சூடை, சாளை போன்ற மீன்கள் ஒவ்வொரு இரையாகப் பார்த்துக் கவ்வுவது குறைவு. வாயைத் திறந்தபடி நீந்தும். தண்ணீர் பூவின், அதாவது செவுளின், வழியாக வெளியே போகும். பூவின் உட்பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக இருக்கும் முட்களில் தண்ணீரில் மிதக்கும் சிற்றுயிர்கள் தங்கும். அந்தச் சீப்புக்கு இறால் குஞ்சும் நைலோன் இழையும் ஒன்றுதான். உங்கள் மீனுக்குள் நூல் போனது இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும். அது அந்த மீனின் தவறும் அல்ல, நோயின் அடையாளமும் அல்ல.

பார்த்துக் கவ்வும் மீன்களின் கதை வேறு. நம் சந்தையில் லின்னா என்று விற்கும் மீனின் இனத்தைச் சேர்ந்த ஒரு மீனை பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். 2017 இல் வெளியான அந்த ஆய்வில் 20 மீனில் 16 இன் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. அதில் பெரும்பகுதி நீல நிறத் துணுக்குகள். அந்த மீன் வழக்கமாகத் தின்னும் சிறு ஓட்டுயிரும் நீல நிறம்தான், அளவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரை என்று நினைத்தே கவ்வியிருக்கிறது. நெத்தலி வகை மீன்களில் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். கடலில் ஊறிப் பாசி பிடித்த பிளாஸ்டிக்கின் வாசனையைத் தண்ணீரில் கலந்ததும் மீன் கூட்டம் இரை தேடும்போது நடப்பது போலவே நடந்துகொண்டது. புதுப் பிளாஸ்டிக்கின் வாசனைக்கு அப்படிச் செய்யவில்லை. நாம் எறிந்த பை சில மாதம் கடலில் கிடந்தால் மீனின் மூக்குக்கு அது சாப்பாடாகிவிடுகிறது என்பதை வாசித்த நாளில் எனக்கு மனம் மிகவும் கஷ்டப்பட்டது.

சேற்றைக் கிளறித் தின்னும் மடவைக்கு அடியில் படிந்த பிளாஸ்டிக் கிடைக்கும். கால்வாய் கடலில் விழும் இடங்கள்தான் அதற்குப் பிடித்த இடங்கள். சூரை, அறக்குளா போன்ற வேட்டை மீன்களுக்கோ அவை விழுங்கும் சின்ன மீன்களின் வயிற்றில் இருப்பது வந்து சேரும். பெரிய மீனில்தான் பிளாஸ்டிக் குவிந்திருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். பாதரசத்தில் அது உண்மை. பிளாஸ்டிக் துணுக்கு அப்படிப் படிப்படியாகச் சேர்வதாகத் தெளிவான சான்று இல்லை. குடலுக்குள் வரும் துணுக்குகளில் பெரும்பகுதி மலத்தோடு வெளியே போய்விடும். தங்கமீன்களுக்கு நுண்மணியும் நாரும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் சுமார் 10 மணித்தியாலத்தில் பாதி வெளியேறியது, ஒன்றரை நாளுக்குள் 90 சதவீதம் போய்விட்டது.

அப்படியானால் என்ன பிரச்சினை என்று மகள் கேட்பாள். ஒரு துணுக்கு போய்விடும், சரி. ஆனால் மீன் தின்பதை நிறுத்துவதில்லையே. ஒன்று வெளியே போக இன்னொன்று உள்ளே வருகிறது. குடலில் எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும்.

அது செய்யும் முதல் வேலை பசியைக் கெடுப்பது. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சத்து இருக்காது. ஒரு பிடி சோற்றுக்குப் பதில் ஒரு பிடி உமியைத் தின்ற மாதிரி. மீன் தின்பதைக் குறைக்கிறது. வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டிய சக்தி குறைகிறது. அதிலும் மோசமாக அடிபடுவது குஞ்சுகள். முட்டையில் இருந்து வந்த குஞ்சுக்கு மஞ்சள்கரு தீரும்வரைதான் அவகாசம், பிறகு சில நாட்களுக்குள் சரியான இரை கிடைத்தே ஆக வேண்டும். கடலில் சில நாட்களில் நீண்ட கோடு போல நுரையும் குப்பையும் சேர்ந்து மிதப்பதைப் படகில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். குஞ்சுகளின் இரை சேரும் இடம் அதுதான், பிளாஸ்டிக் சேரும் இடமும் அதுதான். ஹவாய்க்குப் பக்கத்தில் அப்படியான நீர்க்கோடுகளை ஆராய்ந்தபோது சுற்றியுள்ள கடலைவிட 126 மடங்கு பிளாஸ்டிக் இருந்தது. அங்கே பிடித்த மீன் குஞ்சுகளில் 8.6 சதவீதத்தின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. வளர்ந்த மீனுக்கு ஒரு இழை ஒன்றும் செய்யாது. அரிசி அளவு குஞ்சுக்கு அதே இழை ஒரு வேளைச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துவிடும்.

அடுத்தது குடல் சுவர். கூர்மையான துணுக்கும் நாரும் குடலின் உள்தோலை உரசும். வீக்கம் வரும், சளி கூடும், குடலில் வாழும் நல்ல கிருமிகளின் சமநிலை மாறும். சத்தை உறிஞ்சுவதே அந்தத் தோல்தான் என்பதால், நல்ல தீனி கிடைத்தாலும் முழுப் பயனும் கிடைக்காது. உருண்டை மணியைவிட நார் கூடுதலாகக் கெடுக்கிறது என்று வரிக்குதிரை மீன்களில் பார்த்திருக்கிறார்கள். நம் ஓடைகளில் நாரும் துணுக்கும்தான் அதிகம் என்பதால் இதை நான் சாதாரணமாக எடுப்பதில்லை.

இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒன்றில் ஐரோப்பாவில் வளர்க்கும் கடல் பாஸ் மீனுக்குத் தீனியில் 0.1 சதவீதம் பிவிசி துணுக்கு கலந்து 90 நாள் கொடுத்தார்கள். குடலின் பின்பகுதி மோசமாகப் பழுதானது. துறைமுக நீரில் ஊறவைத்த துணுக்கைத் தின்ற மீன்களில் பாதிப்பு கூடுதலாக இருந்தது. மற்றதில் இன்னொரு பண்ணை மீனுக்கு ஆறு வகைச் சுத்தமான பிளாஸ்டிக்கை 45 நாள் கொடுத்தார்கள். வளர்ச்சி குறையவில்லை, பெரிய நோயும் தெரியவில்லை. இரண்டையும் நான் நம்புகிறேன். காலம் வேறு, பிளாஸ்டிக் வேறு, அழுக்கு ஊறியதா இல்லையா என்பதும் வேறு. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆய்வுக்கூடத்து மீனுக்கு வேளாவேளைக்குச் சமச்சீரான தீனி கிடைக்கிறது. கடலில் இரை தேடி அலையும் மீனுக்கு அந்த வசதி இல்லை.

சேமிப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய மெடாக்கா மீனுக்கு, கடலில் மூன்று மாதம் ஊறிய பொலித்தீன் துணுக்கைத் தீனியில் கலந்து இரண்டு மாதம் கொடுத்தபோது ஈரலில் கிளைக்கோஜன் குறைந்துபோனது. கிளைக்கோஜன் என்பது மீன் அவசரத்துக்கு வைத்திருக்கும் கையிருப்பு. ஈரல் அழுக்கோடு மல்லுக்கட்ட அந்தக் கையிருப்பைச் செலவழிக்கிறது. கொழுத்த மீன் சமாளிக்கும். ஏற்கெனவே இளைத்த மீனிடம் செலவழிக்க ஒன்றும் இருக்காது.

பிளாஸ்டிக் கடலில் உள்ள நஞ்சை உறிஞ்சி வைத்திருக்கும் என்று கேட்டிருப்பீர்கள். உண்மைதான். ஜப்பானியக் கடற்கரைகளில் சேகரித்த பிளாஸ்டிக் மணிகளில் சில நச்சுகள் சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைவிட 1 லட்சம் முதல் 10 லட்சம் மடங்கு வரை சேரலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001 இல் காட்டினார்கள். ஆனால் மீன் நாள் முழுக்கத் தின்னும் சாதாரண இரையிலும் அதே நச்சு இருக்கிறது, இரையின் அளவோ பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு. அதனால் பெரும்பாலான இடங்களில் மீனுக்கு நஞ்சு கூடுதலாக வருவது இரையில் இருந்துதான் என்று பிறகு வந்த கணக்குகள் சொல்கின்றன. எரிந்த கப்பலின் கருகிய துணுக்குகளும் புதிதாகக் கரையும் டயர்த் தூளும் அந்தக் கணக்குக்குள் அடங்காது. டயரில் இருந்து வரும் ஒரு பொருள் அமெரிக்க மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களை மழைக்குப் பிறகு சில மணித்தியாலங்களுக்குள் கொல்கிறது என்று 2020 இல் கண்டுபிடித்தார்கள். எல்லா மீனுக்கும் அது அப்படி அல்ல, ஆனால் வாகன நெரிசலில் வாழும் ஒரு நகரம் இதைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. மீன் குஞ்சுகள் உண்மையான இரையை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கையே விரும்பித் தின்கின்றன, பிள்ளைகள் சிற்றுண்டிக்கு அடிமையாவது போல, என்று ஒரு செய்தி இன்னும் சுற்றுகிறது. மகள் பாடசாலையில் எழுத வாய்ப்பிருப்பதால் சொல்கிறேன். அது சுவீடனில் 2016 இல் வந்த ஓர் ஆய்வு. தரவுகளில் நேர்மை இல்லை என்று தெரிந்து 2017 இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். தயவுசெய்து அதை எழுத வேண்டாம். உண்மையான சான்றே போதுமான அளவு இருக்கும்போது பொய்யைச் சேர்த்தால் உண்மைக்கும் மதிப்புப் போய்விடும். அதேபோல பேர வாவியில் மீன் செத்து மிதந்தால் உடனே பிளாஸ்டிக் என்று சொல்லாதீர்கள். கழிவுநீரும் பாசியும் பெருகிய நீரில் முதல் சந்தேகம் ஒட்சிசன் குறைவு. பிளாஸ்டிக் அதில் பங்காளியாக வரலாம்: நுண்துணுக்கு பூவில் படிந்தால் சளி கூடி, இருக்கிற கொஞ்ச ஒட்சிசனை எடுப்பதும் கஷ்டமாகும்.

இனி நல்ல தீனி எப்படிக் காப்பாற்றுகிறது என்பது. இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளும். பெரும்பாலான மீன்களால், நம்மைப் போலவே, விற்றமின் சி-யைத் தாங்களாக உண்டாக்க முடியாது. அது குறைந்தால் முள்ளந்தண்டு வளையும், புண் ஆறாது. பிளாஸ்டிக் குடலில் உண்டாக்கும் வீக்கத்தை அணைக்கத் தேவைப்படுவதும் இதே விற்றமின்களும் கொழுப்பமிலங்களும்தான். திலாப்பியாவுக்கும் வேறு சில பண்ணை மீன்களுக்கும் பாசித்தூளும் இது போன்ற சத்துகளும் கொடுத்தபோது நுண்பிளாஸ்டிக்கின் பாதிப்பு குறைந்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் பயன்படுத்திய பிளாஸ்டிக் அளவு இயற்கையில் இருப்பதைவிட மிக அதிகம், அதனால் கடையில் விற்கும் மருந்துக்கு ஓடத் தேவையில்லை. நான் அதில் இருந்து எடுப்பது இவ்வளவுதான்: சத்தான தீனி தின்ற மீனின் குடல் சீக்கிரம் ஆறுகிறது. வாவிக்கரையில் நின்று பாண் துண்டுகளை எறிகிறோமே, அன்போடுதான் செய்கிறோம். ஆனால் திலாப்பியாவுக்குக்கூடத் தீனியில் 25 முதல் 35 சதவீதம் வரை புரதம் வேண்டும். பாணில் மாவுதான் உண்டு. வயிறு நிறைகிறது, சத்து இல்லை. பிளாஸ்டிக் செய்யும் அதே வேலை. பாண் கொண்டுபோன பையும் பல நேரம் தண்ணீரிலேயே போகிறது.

தீனியிலேயே பிளாஸ்டிக் வருவதும் உண்டு. தீனியில் போடும் மீன்தூள் குடலோடு அரைத்த சின்ன மீன்களில் இருந்து வருவது. பல நாட்டு மீன்தூளில் நுண்பிளாஸ்டிக் கண்டிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு பண்ணையில் குஞ்சுகள் ஒழுங்காகத் தின்னாமல் இருந்தன. தண்ணீரை மாற்றினோம், மருந்து போட்டோம், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் நுணுக்குக்காட்டியில் தீனியை வைத்துப் பார்த்தால் வெள்ளை இழைகள். தீனி கட்டி வந்த பின்னல் பை வெயிலில் கிடந்து உக்கி இழை விட்டிருக்கிறது. தீனி தூளாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. குஞ்சுகள் தின்னாததற்கு அது மட்டும்தான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, பை வைத்த இடத்தில் தீனியும் பழுதாகியிருந்தது. ஆனால் அன்று முதல் எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதலில் தீனி வைத்திருக்கும் இடத்தைத்தான் பார்க்கிறேன்.

அதனால் உங்கள் கப்பிகளுக்கு: தீனியை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில், வெயில் படாத இடத்தில், ஒரு மாதத்துக்குப் போதுமான அளவு மட்டும் வையுங்கள். பழைய தீனியில் எண்ணெய் காறலாகி ஈரலைக் கெடுக்கும், விற்றமின் சி-யும் போய்விடும். வாரத்தில் இரண்டு தரம் நுளம்புப் புழுவோ அவித்து நசித்த கீரையோ கொடுங்கள். தொட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் செடி நொறுங்கத் தொடங்கியிருந்தால் எடுத்துவிட்டு உண்மையான செடி வையுங்கள். வடிகட்டிப் பஞ்சு பிய்ந்து வந்தால் மாற்றுங்கள். இவ்வளவு செய்தால் உங்கள் தொட்டியில் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை.

சூடையைச் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். சாப்பிடலாம். துணுக்குகள் பெரும்பாலும் குடலில்தான் இருக்கும், குடலை எடுத்துவிடுகிறீர்கள். நெத்தலி போல முழுதாகச் சாப்பிடும் மீன்களில் முடிந்தவரை தலையையும் குடலையும் கிள்ளி எடுங்கள்.

கடைசியாக அந்த நூல். அது பிளாஸ்டிக்தானா என்று மகளே பார்க்கலாம். ஒரு தையல் ஊசியைச் சுவாலையில் சிவக்கச் சூடாக்கி, நூலின் நுனியில் தொடச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். நைலோனும் பொலியெஸ்டரும் சுருண்டு உருகும். பருத்தி கருகும், உருகாது. ஆய்வுக்கூடங்களிலும் முதல் சோதனையாக இதைச் செய்வார்கள். ஆனால் ஒன்று: நீங்கள் மீன் துப்புரவு செய்த நேரம் என்ன நிற உடை போட்டிருந்தீர்கள்? சிரிக்காதீர்கள், ஆரம்ப கால ஆய்வுகளில் பல இந்த இடத்தில்தான் சறுக்கின. ஆய்வாளரின் உடையில் இருந்து விழுந்த நாரை மீன் தின்ற நார் என்று எண்ணிவிட்டார்கள். இப்போது பருத்தி மேலங்கி போட்டு, பக்கத்தில் வெறும் தண்ணீர்க் கிண்ணம் ஒன்றை வைத்து, அதில் எத்தனை நார் விழுகிறது என்று எண்ணிக் கழிக்கிறார்கள். மகளும் அப்படியே செய்யட்டும். பத்துச் சூடை வாங்கி, ஒவ்வொன்றின் நீளம், நிறை, வயிறு நிறைந்திருந்ததா வெறுமையா, உள்ளே என்ன இரை கிடந்தது, நூல் இருந்ததா என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நூலின் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. அதே வயிற்றில் அந்த மீனுக்கு அன்று சாப்பாடு கிடைத்திருந்ததா என்பதையும் சேர்த்து எழுதினால், அவள் கேட்ட கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி அந்தக் கொப்பியிலேயே இருக்கும். எழுதி முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள், நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.